பதின்மூன்றாவது முடிச்சு

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் முடிச்சு மேடம் அளக்காமல் விட்ட பொருள் ஒன்றுகூடக் கிடையாது. டவுன் பஸ்ஸின் படிக்கட்டு, பால்கோவாக் கடையின் தட்டு, பேண்டேஜ் துணிச் சுருள், எங்கள் கல்லூரி வாட்ச்மேனின் மீசை என்று எல்லாவற்றின் அளவும் அவரிடம் இருந்தது. என் பொறுமையை மட்டும் அவர் டேப் வைத்து அளக்கவில்லை. அது எவ்வளவு குட்டை என்பது முதல் நாளே கண்ணால் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்தச் சாலையில் இருக்கும் ஒரு கலைக் கல்லூரியில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எல்லாருக்கும் சூப்பிரண்டு சார். ஒரு கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் படுத்துக் கிடக்கலாம், யாருடைய கையெழுத்துக்கு மேலே யாருடைய கையெழுத்து வரக்கூடாது, விடுப்பு விண்ணப்பத்தில் பணிவை எந்த வரியில் காட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட ஒருவனுக்கு முன்னால்தான், கையில் நியமன ஆணையும் தோளில் மளிகைக் கடைக்குப் போகிற அளவுக்கு ஒரு பையுமாக அந்த அம்மாள் வந்து நின்றார்.

நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். கணிதத் துறைக்குக் கௌரவ விரிவுரையாளர். ஒரு வேலையின் பெயருக்கு முன்னால் கௌரவம் என்ற சொல் இருந்தால், அந்த வேலை எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று அர்த்தம். பல வருடம் தனியார் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் தொண்டை வற்றக் கத்திய பிறகு கிடைத்த முதல் கல்லூரி வேலை என்று அவரே சொன்னார். சொல்லும்போது நியமன ஆணையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

பணிப் பதிவுப் படிவத்தில் அங்க அடையாளம் என்று ஓர் இடம் உண்டு. வலது முழங்கைக்கு மேல் ஒரு மச்சம் என்றார். எழுதப் போனேன். "செத்த நேரம் இருங்க சார்" என்று பையைத் திறந்து தையல்காரர் டேப் ஒன்றை எடுத்து, முழங்கையிலிருந்து மச்சம் வரைக்கும் அளந்தார்.

"மூணே கால் அங்குலம். எழுதிக்கோங்க."

"அளவெல்லாம் வேண்டியதில்லைம்மா."

"வெறும் முழங்கைக்கு மேலன்னு போட்டா, தேடுறவுக தோள்பட்டை வரைக்கும் தேடணும்ல சார்?"

எழுதினேன். எங்கள் பதிவேடுகளில் மச்சத்துக்குக் கதவு எண் வரைக்கும் முகவரி உள்ள ஒரே ஆள் அவர்தான்.

பையில் என்ன இருந்தது என்று பிறகு தெரிந்தது. புளியங்கொட்டை ஒரு டப்பா, பேண்டேஜ் துணி, சைக்கிள் டயர் ஒன்று, எலுமிச்சம்பழம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சம இடைவெளியில் முடிச்சுப் போட்ட ஒரு பழைய கொடிக்கயிறு. இரண்டே வாரத்தில் பிள்ளைகள் அவருக்கு முடிச்சு மேடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நியமன ஆணையில் இருந்த பெயர் எனக்கே இப்போது யோசித்தால்தான் வருகிறது.

அவருக்குக் கொடுக்கப்பட்ட வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரியில் தமிழோ வரலாறோ வணிகவியலோ எடுத்துப் படிக்கிறவர்கள், தங்கள் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத வேறு ஒரு பாடத்தையும் ஒரு தாள் படித்தாக வேண்டும். நான்-மேஜர் பேப்பர் என்பார்கள். மாணவன் அறிவு பரந்து விரிய வேண்டும் என்று யாரோ நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு. பிள்ளைகள் யோகாவில் விரிந்தார்கள், அழகுக்கலையில் விரிந்தார்கள், இதழியலில் இடம் கிடைக்காதவர்கள் சமையலில் விரிந்தார்கள். கணிதத்தில் விரிய ஒருத்தரும் வரவில்லை. அந்தத் தாளுக்கு வந்து சேர்ந்த பதினெட்டுப் பேரும் படிவம் கொடுக்கத் தாமதமானவர்கள். கடைசி பஸ்ஸில் இடம் பிடித்தவர்களைப் போல வாசலில் தொங்கிக்கொண்டு வந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி இசக்கியம்மாள். தமிழ் இலக்கியம் படித்தவள். பத்தாம் வகுப்பில் கணக்குத் தேர்வு முடிந்த அன்றே கணக்குப் புத்தகத்தைக் கிணற்றில் போட்டவள். தாளை மாற்றித் தரச் சொல்லி என் மேசைக்கு முன்னால் நின்று அழுதாள்.

"சார், எனக்கு நம்பரைப் பார்த்தாலே வயித்தைப் பெரட்டும் சார். நீங்க வேற எதுலயாச்சும் போடுங்க. தோட்டவேலைகூடப் பாக்கேன்."

கொடுத்த படிவத்தை மாற்ற விதியில் இடமில்லை என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். என் மனசாட்சி உறுத்தியதாக யாரும் நினைக்க வேண்டாம். விதி தெளிவாக இருந்தது.

முதல் வகுப்பிலேயே கல்லூரி திடுக்கிட்டது. ஓர் அறையில் பதினெட்டுப் பேர் இருந்து, ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருடனும் ஒருமுறை கைகுலுக்கினால் மொத்தம் எத்தனை கைகுலுக்கல் என்பது கேள்வி. பையன்களும் பெண்பிள்ளைகளும் கைகுலுக்குவதா என்று வகுப்பு நெளிந்தது. அப்படியானால் வணக்கம் சொல்லுங்கள், ஜோடிக்கு ஒன்று, ஒருவர் எண்ணட்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். அடுத்த அரைமணி நேரம் அந்தக் கட்டடத்தில் வணக்கம் ஓயவில்லை. வெட்கப்பட்டு மெதுவாகச் சொன்ன வணக்கம் செல்லாது என்று எண்ணுகிறவன் மறுபடியும் சொல்ல வைத்தான். மாடியில் இருந்த பிரின்சிபால், தனக்குத் தெரியாமல் ஏதோ அமைச்சர் வந்துவிட்டார் என்று சட்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கி ஓடி வந்தார். வாசலில் அவரைப் பார்த்ததும் வகுப்பு எழுந்து வணக்கம் சொன்னது.

மேடம் கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னார்: "நூத்தி அம்பத்து மூணுல முடிஞ்சிருந்துச்சு சார். நீங்க வந்ததுல பதினெட்டு கூடிப்போச்சு."

பிரின்சிபால் என் அறைக்கு வந்து, இதற்கு ஏதாவது விதி இருக்கிறதா என்று கேட்டார். வணக்கத்துக்கு உச்சவரம்பு இல்லை என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

இசக்கியம்மாள் விஷயத்துக்கு வருகிறேன். அவளுடைய அம்மா இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் காயத்துக்கு வைக்கும் துணியை மடித்துக் கட்டுகிற வேலை பார்த்தார். விடுமுறை நாளில் மகளும் போவாள். இது மேடத்துக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒருநாள் பையிலிருந்து துணியை எடுத்து அவள் கையில் கொடுத்து, பாதி பாதியாக நாலு மடிப்பு மடித்தால் எத்தனை அடுக்கு வரும் என்று கேட்டார்.

"பதினாறு." யோசிக்கவே இல்லை.

"அஞ்சு மடிச்சா?"

"முப்பத்தி ரெண்டு. ஆனா அம்புட்டு தடிமனா யாரும் வாங்க மாட்டாக மேடம்."

"பத்து?"

அவள் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே போய் ஆயிரத்து இருபத்து நாலில் நின்றாள். வகுப்பு கை தட்டியது. மேடம் மெதுவாகச் சொன்னார்: "கணக்கு வராதுன்ன?"

"அது கணக்கு இல்ல மேடம், அது மடிப்பு" என்றாளாம் இசக்கியம்மாள். கோபமாகவே சொன்னாளாம். தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம்.

அதற்குப் பிறகு அந்தப் பதினெட்டுப் பேரும் ஊரை அளக்க ஆரம்பித்தார்கள். சைக்கிள் டயரை உருட்டினார்கள். தண்ணீர்த் தொட்டியின் உயரத்தை அதன் நிழலை வைத்துக் கண்டுபிடித்தார்கள். தேங்காய்ச் சில்லு, பூமாலை, பரோட்டா எதையும் சும்மா தின்னவோ சூடவோ விடவில்லை. கேண்டீனில் பரோட்டாவின் குறுக்களவு போன மாதத்தைவிட ஒரு விரல் குறைந்திருக்கிறது என்று எழுத்தில் புகார் வந்தது. புகாரோடு வரைபடமும் இணைக்கப்பட்டிருந்தது. என் பணிக்காலத்தில் இணைப்பு சரியாக இருந்த முதல் மாணவர் மனு அதுதான்.

ஒருநாள் கயிற்றோடு என் அறைக்கே வந்துவிட்டார்கள். அந்தக் கயிற்றின் வித்தை எளிமையானது. பன்னிரண்டு சம இடைவெளி உள்ள கயிறு. இரண்டு முனையையும் ஒருவர் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்று இடைவெளி தள்ளி ஒருவர், அதிலிருந்து நாலு இடைவெளி தள்ளி இன்னொருவர் பிடித்து இழுத்தால், மிச்சம் ஐந்து இடைவெளி இருக்கும். மூன்றும் நாலும் சேர்கிற மூலை அச்சாகச் செங்கோணமாக நிற்கும். வீடு கட்டுகிற கொத்தனார்கள் செய்கிற காரியம்தான். வகுப்பில் முத்துராசு என்ற வரலாற்றுத் துறைப் பையனின் அப்பா கொத்தனார். அவன் பெருமையோடு என் அறை மூலையில் கயிற்றை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"சார், உங்க ரூம் கோணல்."

இருபது வருடமாக அந்த மூலையில் பீரோ ஒட்டாமல் நின்றதற்குக் காரணம் பீரோ என்றுதான் நம்பியிருந்தேன். பீரோவைப் பற்றி மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன்.

இதெல்லாம் கணிதத் துறைத்தலைவருக்குப் பொறுக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. கணக்கு என்பது கரும்பலகையில் மட்டும் வசிக்கும் உயிரினம் என்று நம்பியவர். கயிறும் டயரும் வேண்டுமென்றால் சர்க்கஸ் கம்பெனிக்கு எழுதிப் போடலாம் என்று என்னிடம் சொன்னார். பிரின்சிபாலுக்கு இரண்டு பக்கக் கடிதம் கொடுத்தார். கணிதத்தின் மாண்பு குலைகிறது, இந்தத் தாளை மூடிவிடலாம் என்பது சாரம்.

பிரின்சிபால் எந்த முடிவையும் தானே எடுக்காத அனுபவசாலி. வெளியிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வந்து ஒரு வகுப்பைப் பார்க்கட்டும் என்றார். இந்தத் தாள் வேண்டாம் என்று குழு சொன்னால் அது அந்த நிமிடமே மூடப்படும். சரி என்று சொன்னாலும் போதாது, அடுத்த ஆண்டு தாமாக விரும்பி இருபத்து நாலு பேர் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் மூடல்தான். தாள் மூடப்பட்டால் முடிச்சு மேடத்துக்கு வேறு வகுப்பு கிடையாது. அந்த ஒரு தாளுக்காகத்தான் அவரை எடுத்திருந்தார்கள். ஆணையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தார். எத்தனை மடிப்பு என்று சொல்லவில்லை.

இந்த இடத்தில் நான் கதைக்குள் வருகிறேன். வராமல் இருந்திருக்கலாம்.

குழு பார்வையிடும் வகுப்பில் பயன்படுத்தும் பொருள் எல்லாம் கல்லூரியின் இருப்புப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பது நடைமுறை. அந்த நடைமுறையை அந்தக் கல்லூரியில் அறிந்த ஒரே ஆள் நான். மேடத்தின் கொடிக்கயிறு சொந்தப் பொருள். அது கூடாது, முறைப்படி விண்ணப்பம் கொடுங்கள், புதுக் கயிறு வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் எழுதிக் கொடுத்தார்: பன்னிரண்டு சம இடைவெளிகள் உள்ள கயிறு, ஒன்று.

முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்தவனின் கண்ணுக்கு அதில் உள்ள குறை உடனே தெரிந்தது. இடைவெளியை எந்தக் கடையில் விற்கிறார்கள்? ஒரு பொருளுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடத்தைப் பதிவேட்டில் எப்படி ஏற்றுவது? நாளைக்குத் தணிக்கைக்காரர் வந்து பன்னிரண்டு இடைவெளி எங்கே, எடுத்துக் காட்டு என்றால் நான் எதைக் காட்டுவேன்? சிவப்பு மையில் அடித்து, பன்னிரண்டு முடிச்சுகள் உள்ள நைலான் கயிறு என்று திருத்தினேன். திருத்தியதை அவரிடம் காட்டவில்லை. மொழிநடைத் திருத்தம் அலுவலகத்தின் உரிமை.

கயிறு வந்தது. முடிச்சுகளை நானே இரண்டு முறை எண்ணினேன். பன்னிரண்டு. பதிவேட்டில் ஏற்றி, உறையில் போட்டு, முத்திரை வைத்து, குழு வரும் நாள் காலையில்தான் கொடுப்பேன் என்று பீரோவில் பூட்டினேன்.

குழு வந்தது. தலைவர் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் பேராசிரியையாக இருந்த ஓர் அம்மாள். வெள்ளை முடி, வெள்ளைப் புடவை, பேச்சு குறைவு. கூட வந்த இரண்டு பேரும் அவர் தலையசைத்தால் தலையசைத்தார்கள். கைப்பந்து மைதானத்தில் வகுப்பு. ஓரமாக ஒரு மேசை, நாற்காலிகள். துறைத்தலைவர் முதல் நாற்காலியில், நான் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கடைசியில்.

புதுத் தோட்டத்துக்குச் சதுரமாக மூலை பிடிக்க வேண்டும், அதுதான் அன்றைய வேலை. இசக்கியம்மாள் உறையைப் பிரித்து இரண்டு முனை முடிச்சையும் சேர்த்துப் பிடித்தாள். முத்துராசு மூன்று எண்ணிப் பிடித்தான். இன்னொருத்தி நாலு எண்ணிப் பிடித்தாள். மிச்சம் ஐந்து இருக்கும் என்பது அவர்களுக்குப் பழக்கம். யாரும் அதை எண்ணவில்லை. இழுத்தார்கள்.

மூலை செங்கோணமாக நிற்கவில்லை. உள்பக்கமாகக் கூனிக்கொண்டு நின்றது. மறுபடியும் இழுத்தார்கள். மறுபடியும் கூனியது. துறைத்தலைவர் முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி படர்ந்தது. "கரும்பலகையில் வரைந்தால் இந்தத் தொல்லை வராது" என்று குழுவுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார். குழுத்தலைவி பேனாவைத் திறந்தார். பேனா திறக்கிற சத்தத்தை அவ்வளவு தெளிவாக நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மேடம் கயிற்றை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அரை நிமிடம்கூட இருக்காது. விஷயம் முழுவதும் அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் புரியவில்லை. அலுவலகம் தவறான கயிறு கொடுத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். பழி நேராக வந்து என் பதிவேட்டில் உட்கார்ந்திருக்கும்.

அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "கயிறு தப்பா, நாம தப்பா? பாருங்க. நான் வாயைத் தொறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, வலைக்கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டார்.

பிள்ளைகள் சண்டை போட ஆரம்பித்தார்கள். முத்துராசு முடிச்சு நழுவியிருக்கும் என்றான். ஒருவன் நைலான் வெயிலில் நீளும் என்றான். ஒருத்தி மைதானமே கோணல், சூப்பிரண்டு சார் ரூம் மாதிரி என்றாள். முடிச்சுகளை எண்ணினார்கள். பன்னிரண்டு சரியாக இருந்தது. அந்தக் குழப்பத்தில், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது என் கடமை என்று தோன்றி, நான் எழுந்து நின்று, பன்னிரண்டு முடிச்சும் இருக்கின்றன, பதிவேட்டில் பக்கம் நாற்பத்தாறில் இருக்கிறது என்று அறிவித்தேன். மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

இசக்கியம்மாள்தான் கயிற்றை மணலில் நீளமாக விரித்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள். திரும்பி நடந்தாள். முகம் மாறியது.

"மேடம், முடிச்சு பன்னெண்டு இருக்கு. ஆனா நடுவுல எடம் பதினொண்ணுதான் இருக்கு."

"அதெப்படி பிள்ள, முடிச்சு பன்னெண்டுன்னா எடமும் பன்னெண்டுதான?" என்றான் முத்துராசு.

அவள் அவனோடு பேசவில்லை. பன்னிரண்டு பேரை வரிசையாக நிறுத்தினாள். பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேருக்கு நடுவில் ஒரு நோட்டை இருவரும் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு நோட்டுகளை வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாகக் குழுத்தலைவியின் மேசையில் அடுக்கினாள். பதினொன்று. ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினாள். கிணற்றில் புத்தகம் போட்டவள்.

"ஆளு பன்னெண்டு, நோட்டு பதினொண்ணு. நமக்குப் பன்னெண்டு எடம் வேணும்னா பதிமூணு முடிச்சு வேணும்லே. உங்கப்பா பந்தக்கால் நட்டுப் பாத்ததில்லையா?"

கயிற்றின் முனையில் ஒரு முழம் வால் மிச்சம் இருந்தது. இடைவெளியை விரலால் அளந்து பதின்மூன்றாவது முடிச்சைப் போட்டாள். இழுத்தார்கள். மூலை நிமிர்ந்து நின்றது. முத்துராசு ஒரு நோட்டின் மூலையை அதில் பொருத்திக் காட்டினான். ஒரு மயிரிழைகூட விலகவில்லை.

குழுத்தலைவி எழுந்து வந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பதின்மூன்று முடிச்சையும் தானே எண்ணிவிட்டு மேடத்திடம் கேட்டார்: "வேண்டுமென்றே தப்பான கயிற்றைக் கொடுத்தீர்களா?"

என் கையில் இருந்த பதிவேடு திடீரென்று கனத்தது.

"தப்பான கயிறு கடையில லேசுல கெடைக்காது மேடம்" என்றார் முடிச்சு மேடம். "எங்க ஆபீஸ்ல சொல்லி, எழுத்துமூலமா ஆர்டர் குடுத்து வாங்குனது."

ஒரு வார்த்தை பொய் இல்லை. குழுவின் அறிக்கையில் 'நன்கு திட்டமிட்ட பிழையின் வழியே மாணவர்களைச் சிந்திக்க வைக்கும் முறை' என்று ஒரு வரி இருந்தது. அதைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். 'நன்கு திட்டமிட்ட' என்ற இடத்தில் விரல் கொஞ்சம் தடுமாறியது. பதிவேட்டிலும் ஒரு குறிப்பு எழுதினேன்: பயன்பாட்டின்போது ஒரு முடிச்சு கூடியது.

மறுநாள் அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று மாடிப்படியில் காத்திருந்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு படிவம் இருந்திருந்தால் நிரப்பிக் கொடுத்திருப்பேன். அவரே வந்தார்.

"சார், காலேஜைச் சுத்தி வேலி போடப் போறாகன்னு கேள்விப்பட்டேன். கம்பிக்காலுக்கு ஆர்டர் எழுதுறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க."

சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி யாரிடமும் அவர் பேசியதில்லை.

அடுத்த ஆண்டு வந்தது. விருப்பப் பாடப் படிவம் கொடுக்கக் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குக் கவுண்டர் மூடப்படும். நாலரைக்குக் கணிதத்துக்கான அடுக்கில் இருபத்து மூன்று படிவம் இருந்தன. நான் எண்ணினேன். முடிச்சுகளை எண்ணிய அனுபவத்தால் மூன்றாவது முறையும் எண்ணினேன். இருபத்து மூன்றுதான். மேடம் எதிர் வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மம்சாபுரம் பஸ் இரண்டு போய்விட்டன. எத்தனை ஆயிற்று என்று ஒரு தடவைகூட வந்து கேட்கவில்லை. அன்று அவர் எதையும் அளக்கவுமில்லை.

நாலே முக்காலுக்கு வணிகவியல் முதலாமாண்டு பெண் ஒருத்தி கவுண்டருக்கு வந்தாள். பேச்சியம்மாள் என்று பெயர்.

"சார், போன வருஷம் வணக்கம் வணக்கம்னு சொன்னாகளாமே, அந்தக் கிளாஸு எது சார்?"

கணிதம் என்றேன்.

"அதுக்கு மாத்திக்கலாமா சார்? நான் காலையிலயே அழகுக்கலைன்னு எழுதிக் குடுத்துட்டேன். எங்க வீட்டுப் பக்கத்து இசக்கியக்கா வைது தள்ளுறாக."

கொடுத்த படிவத்தை மாற்ற விதியில் இடமில்லை. இதே மேசையில் இதே வாக்கியத்தை ஒருத்தியிடம் சொல்லி அழ வைத்தவன் நான். இந்த முறையும் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள், விதிமுறைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு பிரிவு ஞாபகத்துக்கு வந்தது. மை, நீர், நெருப்பு முதலியவற்றால் சேதமடைந்த படிவத்துக்குப் பதிலாகப் புதிய படிவம் வழங்கலாம். புதிய படிவத்தில் உள்ளதே செல்லும்.

அழகுக்கலை அடுக்கிலிருந்து அவளுடைய படிவத்தை உருவினேன். மேசை நடுவில் வைத்தேன். பக்கத்தில் அப்போதுதான் வந்த டீ இருந்தது. எங்கள் கேண்டீன் டீயைக் குடித்தவர்கள் அதை நீர் என்ற பிரிவில் சேர்க்க ஆட்சேபம் சொல்ல மாட்டார்கள். டம்ளரை எடுத்துச் சரியாகப் படிவத்தின் மேல் ஊற்றினேன்.

"ஐயோ சார், என் ஃபாரம்" என்றாள் பேச்சியம்மாள்.

"சேதமடைந்துவிட்டது. புதுப் படிவம் எழுது. சீக்கிரம்."

நாலு ஐம்பத்தெட்டுக்கு இருபத்து நாலாவது படிவத்தில் முத்திரை குத்தினேன். மேடம் எழுந்து வந்து கவுண்டர் வழியே எட்டிப் பார்த்தார். ஈர மேசையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் நனையாமல் இருந்த கோப்புகளைப் பார்த்தார்.

"டீ கொட்டிருச்சா சார்?"

"கை தட்டிவிட்டது."

"ஒரு ஃபைல் மேலயும் சொட்டுப் படாம, எம்புட்டுக் கச்சிதமா தட்டியிருக்கு" என்றார். பிறகு சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூன்றாவது பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

முப்பத்தைந்து வருடப் பணியில் காகிதத்தின் மேல் நான் டீ கொட்டியது அந்த ஒரு முறைதான். அடுத்த மார்ச்சில் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற கண்காணிப்பாளருக்குக் கல்லூரிப் பக்கம் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும் விருப்பப் பாடப் படிவம் வாங்கும் கடைசி நாளில் பஸ் ஏறிப் போய், கவுண்டரில் இருக்கும் புதுப் பையனிடம் கணிதத்துக்கு எத்தனை என்று கேட்டுக்கொண்டு வருகிறேன். நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் போகிறேன். மேடத்தைப் பார்க்காமலே திரும்பிவிடுவேன். பார்த்தால் எதையாவது அளக்கச் சொல்லிவிடுவார்.

போன வருடம் மாட்டிக்கொண்டேன். கல்லூரி வாசல் வேப்பமரத்தின் சுற்றளவு ஏழு அடி இரண்டு அங்குலம்.